இரண்டரைக்கு முடிகிற கச்சேரி

“தனி ஆரம்பிச்சதும் எழுந்துண்டுடலாம்டி. அப்பதான் கேன்டீன்ல உட்கார எடம் கிடைக்கும்.” “தனிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கே.” “எங்கேர்ந்து இருக்கு? ரெண்டரைக்கு முடிச்சாகணும். இதோ, புஸ்தகத்துலயே போட்டிருக்கா பாரு.” மேடையின் பக்கவாட்டில் தொங்கும் கறுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு மாமிகள், இந்தப் பக்கம் நான். நடுவில் ஒரு துணிதான். அவர்களில் ஒருத்தி பக்கம் புரட்டும் சத்தம்கூடக் கேட்கிறது. என் கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘ஊழியர்’ என்று போட்டிருக்கிறது, பெயர் போடவில்லை. மூன்று வாரமாக இந்தத் திரைக்குப் பின்னால் நின்று எத்தனையோ பேச்சுகளைக் கேட்டுவிட்டேன். யார் வீட்டு மருமகள் அமெரிக்காவிலிருந்து வரவில்லை, யாருக்கு முட்டி மாற்றினார்கள், எந்தப் பாடகி போன வருஷப் புடவையையே கட்டிக்கொண்டு வந்தாள். காதில் விழும், போய்விடும். இது போகவில்லை. ரெண்டரை. யார் சொன்னது ரெண்டரை என்று? மூன்று மணி அல்லவா? மதியக் கச்சேரிக்கு நான் நிற்பது இன்றைக்குத்தான் முதல் தடவை, காலையிலிருந்து என் தலைக்குள் மூன்று மணிதான் இருக்கிறது. மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால், நேரம் முடிகிறதென்று பாடகருக்குக் காட்டும் சிவப்பு பல்ப் சுவிட்சைப் போட வேண்டும் என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கூட வைத்திருக்கிறேன். கையைத் திருப்பிப் பார்க்கிறேன். 2.50. வியர்வையில் ஐந்து கலைந்திருக்கிறது. மேடையில் பார்கவன் ஒரு பாட்டை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார். சுவரில் மணி ஒன்று நாற்பத்திரண்டு. அவர் அவசரமே இல்லாமல் டம்ளரை மூடி வைக்கிறார், கண்ணை மூடுகிறார், காம்போதி ராகத்தைத் தொடுகிறார். மத்தியானம் முழுக்கத் தனக்குத்தான் என்கிற மாதிரி தொடுகிறார். அப்படி அவருக்குச் சொன்னது நான்.

கடிதம். அந்தக் கடிதத்தை நான்தான் அனுப்பினேன். இன்றைக்குப் பாட வேண்டியவர் வேறொருவர், அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, நான்கு நாளைக்கு முன்னால் சம்பத் சார் அறைக்குள் தலையை மட்டும் நீட்டி, “ஏம்மா, பார்கவனுக்கு ஒரு லெட்டர் போட்டுடு, உடனே” என்றார். சம்பத் சார் சபாவின் செயலாளர். எதையும் உடனே என்றுதான் சொல்வார். நான் போன வருஷக் கடிதம் ஒன்றைத் திறந்து பெயரை மாற்றினேன், தேதியை மாற்றினேன், பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களை இரண்டு தடவை சரிபார்த்தேன், மிருதங்கம் வாசிக்கும் ‘கனகவல்லி’யில் ஒற்று விட்டுப்போகவில்லையே என்றுகூடப் பார்த்தேன். நேரத்தை மாற்றவில்லை. போன வருஷம் மதியக் கச்சேரிகள் ஒன்றிலிருந்து மூன்று வரை. இந்த வருஷம் ஒரு வீணைக் கச்சேரியை நடுவில் நுழைப்பதற்காக ஒன்றரை மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். குறிப்பெடுத்ததே நான்தான். ‘மதியக் கச்சேரி 2.30க்கு முடியும், 2.45 வீணை.’ என் கையெழுத்தில் இருக்கிறது. மற்ற கடிதங்களிலெல்லாம் சரியாகத்தான் போட்டேன். இந்த ஒன்றில் மட்டும் ஒற்றைப் பார்த்தேன், மணியைப் பார்க்கவில்லை. சரி, கணக்குப் போடு. மூன்று மணி என்று நினைத்துக்கொண்டு பாடுகிறவர் இந்த ஆலாபனையை இருபது நிமிஷம் செய்வார். பிறகு வயலின். பிறகு பாட்டு, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப விரித்துப் பாடுகிற நிரவல், ஸ்வரம். அதற்கெல்லாம் பிறகு தனி, மிருதங்கம் மட்டும் வாசிக்கிற நேரம். இரண்டு இருபதுக்குச் சிவப்பு பல்ப் எரிந்தால் அவர் நிரவலில் இருப்பார். அப்போது என்ன செய்வார்? எல்லோரும் என்ன செய்கிறார்களோ அதைத்தான். நிரவலும் ஸ்வரமும் பாடகருக்குக் கைதட்டல் வாங்கித் தருகிற இடங்கள், அவற்றை யாரும் விடுவதில்லை. மூன்று வாரத்தில் பதினேழு சாயங்காலக் கச்சேரிகள் இந்தத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டேன். நேரம் பற்றாமல் போனால் வெட்டுப்படுவது தனிதான். பதினேழில் ஐந்து தடவை. பாடகர் சிரித்துக்கொண்டே மிருதங்கக்காரர் பக்கம் விரலைக் காட்டுவார், கொஞ்சமாக, என்று. மிருதங்கக்காரரும் சிரிப்பார்.

இப்போதே சொன்னால் ஒன்றும் ஆகாது. ஒன்று நாற்பத்தாறு. இப்போதே ஒரு சீட்டுப் போனால் அவர் ஆலாபனையைச் சுருக்கிக்கொள்வார், எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும், தனிக்கும் இருக்கும். ஐந்து நிமிஷம் கழித்துச் சொன்னால் ஐந்து நிமிஷம் குறையும். நான் சும்மா நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் கனகவல்லி கையிலிருந்து போகிறது. இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, கால் அசையவில்லை. கனகவல்லி காலையில் பதினொரு மணிக்கே வந்துவிட்டாள். மனதுக்குள் ‘வந்தாள்’ என்றுதான் வருகிறது, ஆனால் என்னைவிடப் பத்து வயது பெரியவள், நெற்றியோரத்தில் இரண்டு நரை. மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, “கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க? ரவை பிசையணும்” என்றாள். டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சத்தம் கனமாக வர இடது பக்கத் தோலின் நடுவில் ரவையை அப்பிக்கொண்டே என் பெயரைக் கேட்டாள். இந்தக் கட்டிடத்தில் என் பெயரைக் கேட்ட முதல் ஆள். “பொன்மலரா? நல்ல பேரா இருக்கே. எந்த ஊரு?” “அருப்புக்கோட்டைங்க.” “நான் குளித்தலை. பாட்டு கத்துக்கிட்டீங்களா?” “இல்லீங்க. பி.காம்.” அவள் சத்தமாகச் சிரித்தாள். “அப்ப தாளம் தப்பினா உங்களுக்குத் தெரியாது. இங்க எனக்கு நிம்மதியான ஒரே ஆளு நீங்கதான்.” பிறகு சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். நான் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன், ஏனென்று தெரியவில்லை, அவளுடைய டப்பாவில் எலுமிச்சைச் சாதம் இருந்தது, சேர்ந்து சாப்பிட்டிருக்கலாம். அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். “மூணு வருஷம் கழிச்சு இந்தச் சபாவுல வாசிக்கிறேன். போன தடவை தனிக்கு ரெண்டு நிமிஷம். கையில சூடு ஏறுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. உங்க லெட்டர்ல மூணு மணி வரைக்கும்னு பார்த்ததும் பார்கவன்கிட்ட அன்னைக்கே பேசிட்டேன். கால் மணி நேரம் எனக்கு விட்டுருங்கன்னு. சரின்னுட்டாரு, நல்ல மனுஷன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “கோமதிநாயகம் சார் வர்றாரு. ஜனவரியில இருபது நாள் வடக்க கச்சேரிக்குப் போறாரு, மிருதங்கத்துக்கு ஆள் வேணும். பொம்பளையைக் கூட்டிட்டுப் போனா சரிப்படுமான்னு யோசிக்கிறாராம். ‘உன் தனியைக் கேட்டுட்டுச் சொல்றேம்மா’ன்னாரு. அதான் காலையிலயே வந்துட்டேன்” என்றாள்.

கோமதிநாயகம் ஆறாவது வரிசையில் இருக்கிறார். திரை விலகிய இடத்தில் தெரிகிறார். சந்தன நிறச் சால்வை, மூடிய கண், தொடையில் விரல் மட்டும் அசைகிறது. பெரிய பாடகர், அவரைச் சுற்றி நான்கு நாற்காலிகள் காலியாக விட்டிருக்கிறார்கள், மரியாதையாக இருக்கும். மேடைக்குச் சீட்டுப் போக வேண்டுமானால் சம்பத் சார்தான் எழுத வேண்டும், அது இங்கே வழக்கம். அவர் எழுதிக் கையெழுத்துப் போடுவார், மேடை ஆள் எத்திராஜ் அதை வெந்நீர் பிளாஸ்கின் கீழே செருகிக்கொண்டு போய்ப் பாடுகிறவர் பக்கத்தில் வைத்துவிட்டு வருவார். சபையில் இருப்பவர்களுக்குத் தொண்டைக்கு வெந்நீர் என்று தோன்றும். சம்பத் சார் வாசலில் யாரையோ வரவேற்க நிற்கிறார். போன் செய்யலாம். எண்ணை எடுத்தேன். என்ன சொல்வது? சார், ஒரு விஷயம். சார், ஒரு சின்னத் தப்பு. சின்னத் தப்பு என்று நான் எப்படிச் சொல்லலாம், அதை அவர் அல்லவா சொல்ல வேண்டும். சார், பார்கவன் சார் லெட்டரில். அழுத்தினேன். ஒரு தடவை மணி அடித்தது. துண்டித்துவிட்டேன். அவர் திருப்பிக் கூப்பிடுவாரோ என்று போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிடவில்லை. என் எண்ணை அவர் பதிந்து வைத்திருக்க மாட்டார். ஒன்று ஐம்பத்தொன்று. எத்திராஜ் பின்னால் பெட்டிமேல் உட்கார்ந்து மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார், இந்த மேடையில் இருபத்தைந்து வருஷம் ஆனவர். “அண்ணே, இந்தக் கச்சேரி ரெண்டரைக்கா முடியுது?” “ஆமா. ஏன், உனக்கு இன்னா, மாப்ள வெய்ட் பண்றானா?” “இல்லண்ணே. அவங்க மூணுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தா?” “நெனச்சுகினு இருக்கட்டும். டைம் ஆச்சா, லைட்டு. லைட்டுக்கு அடங்கலையா, ஸ்கிரீனு. எவ்ளோ பெரிய ஆளுங்களுக்கெல்லாம் இஸ்து வுட்டிருக்கேன் தெரியுமா?” “அப்ப தனி?” “தனிதானே? ரெண்டு தட்டு தட்டினு போய்டும் அந்தம்மா. நீ ஏன் மூஞ்ச இப்டி வச்சினுகிற?” நான் ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்பதை நான் நன்றாகச் சொல்வேன். இன்றைக்கு எத்தனை வாக்கியம் பேசியிருக்கிறேன் என்று எண்ணினால் பாதி அதுதான் இருக்கும். இங்கே நான் தங்கியிருக்கிற விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி எப்போது வருகிறாள் போகிறாள் என்றே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டு, “டிவியில காட்டுவாங்களா உன்ன?” என்று கேட்டாள். இல்லம்மா, நான் திரைக்குப் பின்னாடி. “அங்க என்ன வேலை?” ஒன்றுமில்லம்மா.

ஒருமுறை பஸ்ஸில் இறங்கணும் என்று சொல்ல முடியாமல் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்த் திரும்பி நடந்திருக்கிறேன். அது எனக்கு மட்டும் நஷ்டம், வெயிலில் நடந்தேன், முடிந்தது. ஆனால் ஜெயசுதா. இப்போது எதற்கு ஜெயசுதா. பார்கவன் மேல் ஷட்ஜத்தில் போய் நிற்கிறார், அங்கேயே நிற்கிறார், விளக்கு வெளிச்சத்தில் அவர் முகம் குழந்தை முகமாக இருக்கிறது, சபை ‘பலே’ என்கிறது, எனக்குக் கருகிய மரத்தின் வாசனை வருகிறது. கல்லூரி விடுதி, இரண்டாம் வருஷம், அறைக்கு ஒரு மேஜை. இஸ்திரிப்பெட்டியை அணைக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு நான் குளிக்கப் போனேன். திரும்பி வரும்போது அறை முழுக்கப் புகை, வார்டன், ஜெயசுதா. மேஜையில் படகு மாதிரி ஒரு கறுப்பு வடு. வார்டன் ஜெயசுதாவைத் திட்டிக்கொண்டிருந்தார், அறையில் இருந்தவள் அவள், தூங்கிக்கொண்டிருந்தவள். ஈரத் தலையோடு வாசலில் நின்றேன். நான்தான் மேடம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்துகொண்டே இருந்தது. ஜெயசுதா என்னைப் பார்த்தாள். சொல்வேன் என்று நினைத்துப் பார்த்த பார்வை அது. முதலில் அப்படிப் பார்த்தாள், பிறகு மெதுவாக அந்தப் பார்வை மாறியது, மாறுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவளை வேறு அறைக்கு மாற்றினார்கள். போகும்போது வாளியை எடுத்துக்கொண்டு, “நீயே சொல்லுவேன்னு நெனச்சேன்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம், மறுநாள் சொல்லியிருக்கலாம், ஒரு வருஷம் இருந்தது சொல்ல. ஒவ்வொரு நாளும் நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றும், நேற்றுச் சொல்லாததை இன்று எப்படிச் சொல்வது என்று தோன்றும். இப்போதும் அதேதான். ஒன்று நாற்பத்தாறுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது போய்ச் சொன்னால், தெரிந்து ஏன் இவ்வளவு நேரம் நின்றாய் என்று கேட்பார்களே. தப்புக்குக்கூடப் பதில் சொல்லிவிடலாம். நின்றதற்கு என்ன பதில்? மணி இரண்டு தாண்டி மூன்று நிமிஷம்.

கைதட்டல். ஆலாபனை முடிந்துவிட்டது, வயலின்காரர் காம்போதியை எடுத்துக்கொண்டார். நன்றாகத்தான் வாசிக்கிறார் போல, எனக்கு அவர் சீக்கிரம் முடிக்க மாட்டாரா என்றுதான் இருக்கிறது, ஒரு மனிதர் உருகி வாசிப்பதைச் சீக்கிரம் முடியேன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கனகவல்லி சும்மா உட்கார்ந்திருக்கிறாள். சும்மா இல்லை. மிருதங்கத்தின்மேல் விரல்கள் சத்தமில்லாமல் ஏதோ எண்ணுகின்றன, உதடு லேசாக அசைகிறது. கால் மணி நேரத்துக்காகச் சேர்த்து வைத்திருப்பதை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறாள். ஆறாவது வரிசையைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பது தெரிகிறது. ஒரு கணம் தலையைத் திருப்பித் திரைப் பக்கம், என் பக்கம், பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தேனே. எப்படி முடிந்தது எனக்கு. திரும்ப சம்பத் சாருக்குப் போன் போட்டேன், இந்த முறை துண்டிக்கவில்லை, அடித்து அடித்து நின்றுபோனது. இன்னொரு தடவை. எடுக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது, கூப்பிட்டேன், எடுக்கவில்லை, நான் என்ன செய்ய முடியும் என்று உள்ளுக்குள் ஒருத்தி சாய்ந்து உட்கார்ந்தாள், அவளை எனக்கு நன்றாகத் தெரியும், அவள்தான் ஈரத் தலையோடு வாசலில் நின்றவள். சீட்டு எழுதினாலும் என்ன எழுதுவார் சம்பத் சார்? ‘2.30க்கு முடிக்கவும்.’ அவ்வளவுதான் எழுதுவார். அதைப் பார்த்தால் பார்கவன் பாட்டைப் பாடி, நிரவல் ஸ்வரம் எல்லாம் பாடி, கனகவல்லி பக்கம் விரலைக் காட்டுவார், கொஞ்சமாக. கெட்டவர் இல்லை, வழக்கம் அது. சரியாக எழுதவேண்டுமானால் அதை எழுத இங்கே என்னைத் தவிர ஆள் இல்லை. நிகழ்ச்சிப் புத்தகத்தின் பின்பக்க வெள்ளைத் தாளைக் கிழித்தேன், கிழித்த சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. சுவரில் வைத்து எழுதினேன். ‘கச்சேரி 2.30க்கு முடிய வேண்டும். கடிதத்தில் 3.00 என்று தவறாக எழுதியவள் நான். தெரிந்தபின்னும் இருபத்தைந்து நிமிடம் சொல்லாமல் நின்றுவிட்டேன். இதற்காகத் தனியைக் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். – பொன்மலர்.’ கையெழுத்து கோணலாக இருந்தது. வேறு தாளில் திருத்தி எழுதலாமா என்று நினைத்தேன். வயலின் முடிந்தது. பாட்டு ஆரம்பித்துவிட்டது. இரண்டு பத்து.

எத்திராஜிடம் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “சார் கையெழுத்து எங்க?” என்றார். இல்லை என்றேன். “அப்ப நான் எட்துனு போ மாட்டேன்மா. எனக்கு வேல போய்டும்.” பிளாஸ்கை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். செருப்பைக் கழற்றினேன். மேடைப் பலகை இவ்வளவு சூடாக இருக்கும் என்று தெரியாது, விளக்குகளெல்லாம் முகத்துக்கு நேராக இருந்தன, நூற்றைம்பது பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது, ஒருவரும் பார்க்கவில்லை என்றும் தோன்றியது. துப்பட்டா எதிலோ மாட்டியது, மைக் கம்பியில், இழுத்தேன், ஸ்பீக்கரில் கொரக் என்று ஒரு சத்தம். முதல் வரிசையில் யாரோ “த்சொ” என்றார்கள். கனகவல்லி வாசித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். பார்கவன் பக்கத்தில் முட்டி போட்டு பிளாஸ்கை வைத்தேன், சீட்டை அதன் கீழே வைக்க வேண்டும், வழக்கம் அதுதான், ஆனால் நான் அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். வலது கை தாளத்தை விடவில்லை, இடது கையால் வாங்கிக்கொண்டார். திரும்ப எழுந்து அத்தனை தூரம் நடக்க முடியும் என்று தோன்றவில்லை. பின்னால் சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சரணத்துக்கு முன்னால் வயலின் ஒரு வரியை வாசிக்கும் நேரத்தில் அவர் படித்தார். சீக்கிரம் படித்துவிட்டார், பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தார். கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பதினான்கு. சீட்டை மடித்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு சரணத்தை எடுத்தார். நிரவல் செய்கிற வரி வந்தது, வயலின்காரர் முதுகை நிமிர்த்தித் தயாரானார், சபையில் இரண்டு மூன்று பேர் முன்னால் சாய்ந்தார்கள். பார்கவன் அந்த வரியை ஒரே ஒரு தடவை பாடினார். அடுத்த வரிக்குப் போனார். சரணம் முடிந்ததும் பல்லவிக்கு வந்தார், ஸ்வரம் பாடாமல் அதை இரண்டு முறை பாடினார், உடம்பு முழுவதையும் வலது பக்கம் கனகவல்லியை நோக்கித் திருப்பிக்கொண்டார், வாயை மூடிக்கொண்டு அவளுடைய தனிக்குத் தாளத்தை மட்டும் போட ஆரம்பித்தார்.